எட்டு வயது மகன், செஸ், மனைவி வேலையை விடலாமா?

வாசகர் கேள்வி, 2025 ஜனவரி 4

மகனுக்கு எட்டு வயது. ஒன்றரை வருஷமாக செஸ் கற்றுக்கொள்கிறான். மாவட்டப் போட்டியில் ஒன்பது வயதுக்குக் கீழ் பிரிவில் நான்காவது வந்தான். "இவன் கிராண்ட்மாஸ்டர் ஆகிற பையன், பள்ளிக்கூடம்தான் குறுக்கே நிற்கிறது" என்கிறார் பயிற்சியாளர். மனைவி தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். அதை விட்டுவிட்டு இவனோடு போட்டிகளுக்குப் போகலாமா என்று யோசிக்கிறோம். உலக செஸ் சாம்பியன் ஆன குகேஷின் அப்பா டாக்டர் தொழிலையே விட்டாரே. பெற்றவர்கள் அந்த அளவு இறங்கினால்தான் பிள்ளை மேலே வரும் என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 5

விட வேண்டாம்.

2025 ஜனவரி 5, ராத்திரி

ஒரே வரியில் பதில் போட்டதற்கு மூன்று பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, விரிவாகவே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகள் 2013-இல், ஏழு வயதில், செஸ் ஆரம்பித்தாள். குகேஷும் 2006-இல் பிறந்தவர், அவரும் 2013-இல்தான் ஆரம்பித்தார். இந்தப் பொருத்தத்தைக் கடைக்கு வருகிற எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பொருத்தம் அதோடு முடிந்துவிட்டது.

குகேஷ் வீட்டுக் கதையை முழுசாகப் பாருங்கள். அப்பா காது மூக்கு தொண்டை அறுவைச் சிகிச்சை நிபுணர். 2017-18 வாக்கில் தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு கிளம்பினார், உண்மைதான். ஆனால் நுண்ணுயிரியல் படித்த அம்மா வேலையில் இருந்தார். வீடு அவர் சம்பளத்தில் ஓடியது. அதுவும் பற்றாமல் பெற்றோரின் நண்பர்கள் பணம் கொடுத்து உதவியதாகக் குகேஷே சொல்லியிருக்கிறார். நான்காம் வகுப்புக்கு மேல் அவர் முழுநேரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பதும் சரிதான். ஆனால் அப்பா தொழிலை நிறுத்திய நேரத்தில் பையன் கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு வேண்டிய நார்ம் என்கிற தகுதிக்காக நாடு நாடாக ஆடிக்கொண்டிருந்தான். 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதம் 17 நாளில், பட்டம் வாங்கிவிட்டான். உலகிலேயே இளைய கிராண்ட்மாஸ்டர் என்று கர்யாகின் அப்போது வைத்திருந்த சாதனைக்கு வெறும் 17 நாள் பாக்கி. அந்தக் கட்டத்தில் ஒரு டாக்டர் எடுத்த முடிவை, மாவட்டத்தில் நான்காவது வந்த கட்டத்தில் நாம் எடுக்கப் பார்க்கிறோம்.

எங்களுக்கு எட்டு வருஷத்தில் இரண்டு லட்சம் ரூபாய் போல ஆனது. நான் கணக்கு நோட்டு வைத்திருந்தேன். நீங்களும் முதல் நாளிலிருந்தே ஒன்று போட்டுவிடுங்கள், எவ்வளவு போகிறது என்று தெரியும்.

2025 ஜனவரி 6

திருத்தம். மேலே எழுதியதை மனைவி படித்தாள். நோட்டை எடுத்து வந்து மேஜையில் போட்டாள். இரண்டு லட்சம் இல்லை, 3,74,000. இரண்டு லட்சம் என்பது என் அம்மாவிடம் சொன்ன கணக்காம். சொல்லிச் சொல்லி நானே நம்பியிருக்கிறேன்.

வரவு: பரிசுப் பணம் 11,500. கோப்பைகள் 31. மாவட்ட அளவில் சின்னப் பிள்ளைகள் போட்டி என்றால் வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுத்துவிடுவார்கள், அதனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்று கோப்பைகள் இப்போது கடையில் பேனா ஸ்டாண்டாக இருக்கின்றன. ஒன்றில் ஸ்டேப்ளர் பின்.

இன்னொரு திருத்தமும் அவள் சொன்னதுதான். அவளும் நர்சரி பள்ளி வேலையை இரண்டு வருஷம் விட்டாள். "மகளுக்காக விட்டாள்" என்று நான் எங்கேயாவது எழுதினால் அழித்துவிட வேண்டுமாம். "கூட்டிட்டுப் போக ஆள் வேணும்னு நீங்க சொன்னீங்க, நான் விட்டேன். எனக்கு இஷ்டமான்னு யார் கேட்டா?" அப்போது அவள் சம்பளம் 6,500. சின்ன சம்பளம்தானே என்று நினைத்துவிட்டேன்.

கேள்வி கேட்டவரே, உங்கள் மனைவி இதைப் படிக்கிறாரா?

2025 ஜனவரி 8

போட்டிக்குப் போனால் பெற்றவர்களுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

பெரும்பாலும் ஏதாவது இன்ஜினியரிங் காலேஜ், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். காலையில் யாரோடு யார் ஆட வேண்டும் என்கிற பேரிங் தாளைச் சுவரில் ஒட்டுவார்கள். (இப்போது போனிலேயே வந்துவிடுகிறது, ஆனாலும் சுவரைப் பார்க்கக் கூட்டம் முண்டும்.) எத்தனையாவது போர்டு, வெள்ளையா கருப்பா, எதிராளியின் ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் காட்டுகிற எண்) என்ன. அதைப் பார்த்ததுமே பெற்றவர்கள் முகத்தில் ரிசல்ட் வந்துவிடும். பிள்ளைகள் உள்ளே போனதும் கதவைச் சாத்துவார்கள். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். இழுத்து ஆடினால் ஒரே ஆட்டம் நாலு மணி நேரம் போகும். அந்த மாதிரி ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டங்கள்.

வெளியே தாழ்வாரத்தில் பேப்பரை விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்பாக்கள் நிற்பார்கள். ஏன் என்று தெரியவில்லை, அப்பாக்கள் உட்கார மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் அத்தனை தலையும் திரும்பும். வெளியே வருகிற பிள்ளையின் நடையிலேயே தெரிந்துவிடும். ஜெயித்தவன் தண்ணீர் பாட்டிலை ஆட்டிக்கொண்டு வருவான். தோற்றவன் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை மடித்து மடித்து தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிக்கொண்டு வருவான். ஒரு தடவை ஒரு அப்பா, ஆறு வயதுப் பையன் வாசலைத் தாண்டும் முன்பே "ஏண்டா ராணியைக் கொடுத்தே?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை ஜெயித்துவிட்டு வந்திருந்தான்! ராணியைக் கொடுத்ததால்தான் ஜெயித்திருந்தான்.

நான் அப்படிக் கேட்கிற அப்பா இல்லை. எதுவுமே பேச மாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெண் குழந்தை என்றால் முதலில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல ஊர்களில் அதற்காகவே அம்மாவும் வர வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 11

பயிற்சியாளர் சொன்ன "கிராண்ட்மாஸ்டர் ஆகிற பையன்" பற்றி.

கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கு 2500 ரேட்டிங்கைத் தொட வேண்டும், மூன்று நார்ம் வேண்டும். நார்ம் என்றால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் பட்டக்காரர்களும் போதுமான அளவு இருக்கிற போட்டியில், 2600 ரேட்டிங்காரர் ஆடுகிற தரத்தில் ஆடிக் காட்டுவது. அதற்காகத்தான் பிள்ளைகள் ஐரோப்பாவுக்குப் போய் மாதக் கணக்கில் சுற்றுகிறார்கள். எட்டு வயதில் ஒருவனைப் பார்த்து இது வரும் என்று சொல்ல முடியுமானால், அந்த ஆள் செஸ் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, ஜோசியமே பார்க்கலாம்.

செய்தியில் வருவது எல்லாம் 12 வயது கிராண்ட்மாஸ்டர்கள். ஷ்யாம் நிகிலையும் பாருங்கள். நாகர்கோவில்காரர். இரண்டு நார்ம்களையும் 2500-ஐயும் 2012-க்குள் முடித்துவிட்டார். மூன்றாவது நார்ம் 2024 மே மாதம் துபாயில்தான் கிடைத்தது. இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர், அப்போது வயது 31. நடுவில் 12 வருஷம். அவர் கதையை எந்தப் பயிற்சி மையமும் போஸ்டரில் போடுவதில்லை, ஆனால் எனக்கு அவர்மேல்தான் மரியாதை அதிகம்.

ரேட்டிங் என்றதும் ஒரு தமாஷ். மகள் ஆட்டத்தை நிறுத்தியபோது 1180. அதற்கு முன் ஒரு சமயம் 1342 வரை போயிருந்தாள், பிறகு இறங்கிவிட்டாள். 2024 மார்ச்சில் உலக செஸ் அமைப்பான ஃபிடே 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கெல்லாம் ரேட்டிங்கை ஒரே தடவையில் ஏற்றியது. 2000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதில் நாற்பது சதவீதத்தைக் கூட்டிக் கொடுத்தார்கள். ஆடுவதை விட்டு இரண்டு வருஷம் ஆன என் மகள் 1180-இலிருந்து 1508-க்குப் போய்விட்டாள். எட்டு வருஷம் உயிரைக் கொடுத்து ஆடியும் தொடாத எண். என் அப்பா தெருவுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். விளக்கிச் சொன்னேன். "எப்படி வந்தா என்ன, ஏறிச்சா இல்லையா?" என்றார்.

2025 ஜனவரி 16

பொங்கலுக்குக் கடை அடைப்பு. அதனால் கொஞ்சம் வேறு பேச்சு.

சின்னவனுக்கு ஒன்பது வயது. பெரியவனாகி பஸ் ஓட்டப் போகிறான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தீவிரமாக இருக்கிறான். ஹாரன் சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்வான். பழனி போகிற பஸ்ஸில் என்ஜின் மூடிக்குப் பக்கத்து சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். மாட்டுப்பொங்கல் அன்று தன் சைக்கிளுக்கு மாலை போட்டு "ரூட் வண்டி" என்று அட்டை கட்டியிருந்தான்.

இவன் கனவுக்குக் கோச்சிங் ஃபீஸ் இல்லை என்று வீட்டில் சிரிப்போம். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: சரக்கு வண்டியோ பஸ்ஸோ ஓட்ட 20 வயது ஆக வேண்டும், அதற்கு முன் இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணி "2036" என்றான். காலண்டருக்குப் பின்னால் எழுதியும் வைத்துவிட்டான்.

மகள் ஏழு வயதில் "செஸ்" என்றபோது நான் மறுநாளே கோச்சைத் தேடினேன். இவன் "பஸ்" என்றால் சிரிக்கிறேன். ஏன் என்று நேற்று ராத்திரி யோசித்தேன். யோசனை பாதியிலேயே தூங்கிவிட்டேன்.

2025 ஜனவரி 19

பள்ளியை நிறுத்துவது பற்றி மறுபடி கேட்கிறார்கள். விஸ்வநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். அவர் சென்னை லயோலா கல்லூரியில் பி.காம். படித்தவர். அவருக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தது அவர் அம்மா. அதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

பிரக்ஞானந்தா வீட்டுக் கதைதான் எனக்கு இன்னும் பிடித்தது. அக்கா வைஷாலி டி.வி. பார்ப்பதைக் குறைக்கத்தான் அவளைச் செஸ்ஸில் சேர்த்தார்கள். தம்பி அக்காவைப் பார்த்து வந்தவன். மகளுக்கே செலவு கட்டுப்படியாகவில்லை என்று மகனைச் சேர்க்க அப்பா தயங்கியிருக்கிறார். பையன் விடவில்லை. கடைசியில் உலகத்திலேயே முதல்முறையாக அக்காவும் தம்பியும் கிராண்ட்மாஸ்டர். அப்பா வங்கி வேலையில் இருந்தார், அம்மா நாகலட்சுமி ரைஸ் குக்கரோடு கூடவே போனார், ரசம் சாதம் எந்த நாட்டிலும் கிடைத்தது. பெற்றவர்கள் தள்ளிவிட்டதால் போன பிள்ளை இல்லை அது, பெற்றவர்களை இழுத்துக்கொண்டு போன பிள்ளை.

"உங்கள் மகள் ஏன் விட்டாள்?" என்று கேட்டவருக்கு: பத்தாம் வகுப்பு வந்தது, தானாக விட்டாள். நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழவும் இல்லை. போர்டைச் சுருட்டி அலமாரி மேலே வைத்தாள், அவ்வளவுதான். இப்போது மதுரையில் பி.எஸ்சி. கணிதம் முதல் வருஷம்.

2025 பிப்ரவரி 3

நேற்று நெதர்லாந்தில் நடந்த விக் ஆன் ஸீ செஸ் போட்டியைப் பார்த்தீர்களா? குகேஷும் பிரக்ஞானந்தாவும் முதலிடத்தில் சமமாக இருந்து, கடைசி ரவுண்டில் இரண்டு பேருமே தோற்றார்கள். அப்புறம் யார் முதல் என்று முடிவு செய்ய இரண்டு பேருக்குள் டை-பிரேக். முதல் பிளிட்ஸை (சில நிமிடங்களில் முடிகிற வேக ஆட்டம்) பிரக்ஞானந்தா விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப குதிரையைப் போடுவான் பாருங்க" என்று இரண்டு மூன்று இடத்தில் சொன்னாள், ஒரு தடவை போட்டான். சின்னவன் நடுவில் தூங்கிவிட்டான். அப்புறம் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். அதை எழுத நாளாகும்.

2025 பிப்ரவரி 5

எழுதிவிடுகிறேன்.

இந்த இழையை அவளிடம் காட்டினேன். என் எழுத்தைப் படித்து மகள் பெருமைப்படுவாள் என்ற எண்ணம்தான். ஜனவரி 5-ஆம் தேதிக் குறிப்பில், நோட்டு விஷயத்தில் நின்றுவிட்டாள்.

"அதை ஏன் இவருக்கும் சொல்லிக் குடுக்கிறீங்க?"

எனக்குப் புரியவில்லை. அந்த நோட்டு ஃபிரிட்ஜ் மேலே இருக்கும். ஒவ்வொரு போட்டி முடிந்த ராத்திரியும் அவளுக்கு எதிரிலேயே உட்கார்ந்து எழுதுவேன். பஸ் டிக்கெட்டைக் கூட ஒட்டிவைப்பேன். ஒளிக்க அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவள் பதினோரு வயதிலிருந்து அதை எடுத்துப் படித்திருக்கிறாள். கணக்கில் கெட்டிக்காரி அல்லவா, கூட்டி, வகுத்தும் வைத்திருக்கிறாள். ஒரு போட்டியை இன்றும் மனப்பாடமாகச் சொன்னாள்: நுழைவுக் கட்டணம் 2,000, பஸ் 640, ரூம் 3,600, சாப்பாடு 1,860. மொத்தம் 8,100. ஒன்பது ரவுண்டு. "ஒரு ரவுண்டு 900 ரூபாய்ப்பா. ட்ரா பண்ணா 450 போச்சு. முதல் ரவுண்டுலயே தோத்துட்டா, அடுத்த ரவுண்டுல உக்காரும்போது போர்டு தெரியாது, 900தான் தெரியும்."

1342-இலிருந்து 1180-க்கு ஏன் இறங்கினாள் என்று அப்போது கோச்சோடு உட்கார்ந்து எத்தனை ஆட்டங்களைப் பிரித்துப் பார்த்தோம்! எண்ட்கேம் (ஆட்டத்தின் கடைசிக் கட்டம்) சரியில்லை, நேரத்தைத் தின்கிறாள், ஓப்பனிங்கை (ஆரம்ப நகர்த்தல்களை) மாற்ற வேண்டும் என்றெல்லாம் காரணம் கண்டுபிடித்தோம். ஓப்பனிங்கை மாற்றப் புதுசாக ஒரு வகுப்புக்கும் அனுப்பினோம். அந்த ஃபீஸையும் நோட்டில் எழுதினேன்.

அப்புறம் நான் பெருமைப்பட்ட அந்த மௌனம். கோயம்புத்தூரில் ஒரு போட்டி, எட்டு வயதுச் சிறுவனிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைத் தோற்றாள். திண்டுக்கல் வரும்வரை நான் ஒன்றும் கேட்கவில்லை. வருத்தத்தில் இருக்கிற பிள்ளையை நோண்டக் கூடாது என்று. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நான் எவ்வளவு கோபத்தில் இருந்தால் இப்படி வாயே திறக்காமல் வருவேன் என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். பத்தாம் வகுப்பு ஒரு சாக்குத்தான். "நான் விட்டா அந்த நோட்டு நின்னுரும்னு நெனச்சேன். நின்னுருச்சு."

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 19-இல் "தானாக விட்டாள், நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்காமல் அப்படியே விடுகிறேன். படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்கட்டும்.

2025 பிப்ரவரி 6

"பணம் போட்டவன் கணக்குப் பார்க்கக் கூடாதா? பிள்ளைக்கும் காசின் அருமை தெரிய வேண்டாமா?" என்று ஒருவர் கேட்கிறார். பார்க்கலாம், ஐயா. 3,74,000 எனக்கும் சின்னப் பணம் இல்லை. ஒரு வருஷம் கடை வாடகையைக் கடன் வாங்கிக் கட்டினேன். ஆனால் காசின் அருமை கடையில் தெரிய வேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிற போர்டில் இல்லை. நோட்டைக் கடையில் வைத்திருந்தால் போதும், நான் அதை ஃபிரிட்ஜ் மேலே வைத்தேன்.

அதே மாதிரிதான் அம்மா விடுகிற வேலையும். உங்கள் மனைவி வேலையை விட்டால் அது எந்த நோட்டிலும் ஏறாது. ஆனால் பையன் தினமும் வீட்டில் அதைப் பார்ப்பான். எட்டு வயதுக்கு வகுத்தல் தெரியாது என்று நினைக்காதீர்கள், மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.

2025 பிப்ரவரி 6, மறுபடி

மேலே கொஞ்சம் ஓவராகப் போய்விட்டேன். குகேஷ் வீட்டில் அப்பா தொழிலையே விட்டார், அந்தப் பையனுக்கும் அது தெரியும், ஆனாலும் ஆடினான். 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை ஜெயித்து 18 வயதில் உலக சாம்பியனும் ஆனான். ஆகவே என் மகளுக்கு ஆனது எல்லாப் பிள்ளைக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன். சில பிள்ளைகளுக்கு அது பாரமாகத் தெரியாது போல. உங்கள் பையன் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. என் மகள் எந்த வகை என்றே எனக்குப் பதினெட்டு வருஷம் தெரியவில்லை.

2025 பிப்ரவரி 10

சின்னவனைச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். தெரிந்த டிரைவர் ஒருவர், வண்டி நின்றிருந்தபோது ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார். கால் எட்டவில்லை. "இவ்ளோ பெருசா!" என்றான். வரும்போது டீ, பன் 30 ரூபாய் ஆனது. எங்கேயும் எழுதவில்லை. (இங்கே எழுதிவிட்டேன். பழக்கம் போகாது.)

2025 பிப்ரவரி 16

கேள்வி கேட்டவர் தனி மடலில் எழுதியிருக்கிறார். இங்கே போடலாம் என்றார். மனைவி வேலையை விடவில்லை. இரண்டு பேரும் மாறி மாறி லீவு போட்டுக் கூட்டிப் போகிறார்களாம். பள்ளியையும் நிறுத்தவில்லை. கோச்சுக்குக் கோபம். வருகிற சனி, ஞாயிறு கரூரில் பையனுக்கு முதல் ரேட்டிங் போட்டி, என்ன சொல்லி அனுப்புவது என்று கேட்கிறார்.

இரண்டு பேனா கொடுத்து விடுங்கள், ஒன்று நிச்சயம் எழுதாது. உங்கள் போனை அவன் பையில் தெரியாமல் போட்டுவிடாதீர்கள், ஹாலுக்குள் அது அவனிடம் இருந்தால் ஆட்டமே போய்விடும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அமுக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் மறு கையைத் தயாராக வைத்திருப்பார்கள். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்திருக்கும்.

தோற்று வெளியே வந்தால் என்ன சொல்வது என்பதை என் மகளிடம் கேட்டேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கொஞ்ச நேரம் யோசித்தாள். "பசிக்குதான்னு கேட்டிருக்கலாம்" என்றாள்.

கரூர் என்றால் கரம் (பொரியில் சட்னி கலந்து தருவது) வாங்கிக் கொடுங்கள். முட்டை போட்டு.